சூசைமேரி நன்மை வாங்காத ஞாயிறுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், அந்துவான் ஞானாதிக்கம், இந்தக் குடும்பத்தில் மூத்தவன். என் தம்பி மிக்கேல். அவன் மனைவி சூசைமேரி. அவர்களுடைய ஒரே மகள், கலியாணப்பெண் லூர்துசெல்வி. மாப்பிள்ளை யூஜின், அரியாங்குப்பத்துப் பையன், மின்சார இலாகாவில் வேலை. தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கிய அத்தை ரெஜினாம்மாள். ஆறு பேர். எதிர்வீட்டுச் சக்கரபாணி தானும் கூடத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இருந்தது தெருவில். சன்னலைச் சாத்தியவன் நான்.

நான் திரிபுனாலில் கிரெஃபியேவாக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதி முன்னால் யார் நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது என் உத்தியோகம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன வருஷமும் சரி, அதற்குப் பிறகும் சரி, கோட்டுக்குப் பொத்தான் போடாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. கோவிலில் எங்கள் குடும்பத்தின் பெயர் வெட்டிய பெஞ்சு இருக்கிறது. அதில் உட்காருகிறவர்களைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பது என் தகப்பனார் என்னிடம் விட்டுப்போன காரியம்.

1958ஆம் வருஷம் தை மாதம். எங்கள் கிறிஸ்தவர்களுக்குள் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சுவாமியார் படிப்பார். அந்த மூன்று வாரமும் ஊர்க் கண் முழுக்க அந்த இரண்டு வீடுகளின் மேல்தான். மாசியில் விபூதித் திருநாள். அன்றிலிருந்து தவசுக்காலம், கலியாணம் கிடையாது. ஆகவே அதற்குள் லூர்துசெல்வியின் தலையில் பூமுடி ஏறிவிட வேண்டும் என்று நாள் குறித்திருந்தோம்.

முதல் ஓலை வாசித்த அன்று நன்மை வாங்கும் நேரம் வந்தது. பூசையில் சுவாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். அது சாமியேதான் என்பது எங்கள் விசுவாசம். அதைப் பல் படாமல் நாக்கில் ஊறவைத்து விழுங்க வேண்டும். எங்கள் பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து பீடத்தின் முன்னால் இருக்கும் கிராதிக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் சூசைமேரி போட்ட முட்டி போட்டபடியே இருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

மனதில் சாவான பாவத்தை, நரகத்துக்கே இழுக்கும் பெரும்பாவத்தை, வைத்துக்கொண்டிருப்பவர்தான் நன்மை வாங்கமாட்டார் என்பது எங்கள் சனங்களின் முடிவு. சாதாரண ஞாயிறுகளில் யார் போனார், யார் போகவில்லை என்று எவரும் எண்ணுவதில்லை; மகளின் ஓலை வாசிக்கும் அன்று எண்ணாமல் விடுவார்களா?

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கேட்டேன்.

"என்னடா மிக்கேலு, உன் பொண்டாட்டி ஏன் எழுந்து வரலை?"

"தலை சுத்துச்சாம் அண்ணே."

"ஓலை வாசிக்கிற அன்னிக்குத்தான் சுத்தணுமா?"

"அதைத் தலைகிட்டயா போய்க் கேக்க முடியும்?"

மிக்கேல் அப்படித்தான். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். எடுத்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமைக்குள் பேச்சு பெரிய மார்க்கெட்டை எட்டிவிட்டது. குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாள் வஞ்சிர மீனை நறுக்கிக்கொண்டே லூர்துசெல்வியிடம் கேட்டிருக்கிறாள்: "ஏம்மா, உங்கம்மா கலியாணத்துக்கு முன்ன சைகோன்ல யாரோடயோ மோதிரம் மாத்தினாங்களாமே, நெசமா?" சூசைமேரி விழுப்புரத்தைத் தாண்டியவள் இல்லை.

இதற்கு நான் ஒரு வழி செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். பாவங்களைச் சுவாமியார் காதில் சொல்லி மன்னிப்புப் பெற்றுவிட்டால் பிறகு எவர் என்ன பேச முடியும்? வழக்கமான சந்து வழியாகப் போகாமல், கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனோம். சூசைமேரி முன்னால், மகள் பக்கத்தில், மிக்கேல் பின்னால், கடைசியில் நான் குடையோடு. சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். சூசைமேரி பாவசங்கீர்த்தனத் தொட்டி என்ற மரக்கூண்டில் நெடுநேரம் இருந்தாள். வெளியே வரும்போது கண் ஈரமாக இருந்தது. மிகவும் நல்லது என்று நினைத்தேன்.

மறுநாள் இரண்டாவது ஓலை. நன்மை நேரத்தில் அவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. சுவாமியாரே மன்னிப்புக் கொடுக்க மறுத்துவிட்டாராம்; அப்படிப்பட்ட பாவமாம். ரெஜினாம்மாள் அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் கோவிலுக்கே ஓலை கேட்க வந்திருந்தார். பூசை முடிந்ததும் நேராகச் சுவாமியாரிடம் போய் விசாரித்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தச் சுவாமியாரும் வாய்விடமாட்டார். "ஜெபம் பண்ணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெபம் பண்ணும் அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று ஆகிவிட்டது.

என் திட்டத்தில் குறை இல்லை. அதை இன்றும் சொல்வேன்.

மூன்றாவது ஓலை அன்றும் அப்படியே நடந்தது. அன்று மத்தியானம் எங்கள் வாசலில் ரிக்‌ஷா நின்றது. ரெஜினாம்மாள் இறங்கினார். சரீரம் கனத்தவர், குடையும் பெரியது. பின்னால் சைக்கிளில் யூஜின். நான் சன்னலைச் சாத்தினேன்.

"உட்காருங்க மதாம்" என்றேன்.

"உட்காரத்தான் வந்தேன் முசியே. எழுந்து போறப்ப எப்படிப் போறேன்றது உங்க கையில இருக்கு."

"அத்தை, நான்தான் வரும்போதே சொன்னேனே, எனக்கு ஒண்ணும்…" என்று யூஜின் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா. கரண்ட்டைப் பத்திக் கேக்கும்போது பேசு." ரெஜினாம்மாள் என் பக்கம் திரும்பினார். "எனக்குச் சுத்தி வளைச்சிப் பேசத் தெரியாது. ஊரு பேசறதை நான் நம்பலை. ஆனா ஊரு பேசுது. ஈஸ்டர் கழிச்சிப் பாத்துக்கலாம்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்றாங்க."

ஓலை வாசித்த கலியாணத்தைத் தள்ளிப்போட்டால் அது நின்ற கலியாணம்தான். கதவோரம் நின்ற லூர்துசெல்வியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் குரல் உடைந்திருக்கும்.

"எங்க வீட்ல மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல மதாம்."

"சந்தோஷம். அப்ப ஒண்ணு செய்யலாம்." அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். விவிக்கம் கேக். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ரவையும் முந்திரியும் பிராந்தியில் ஊறிய திராட்சையும் சேர்த்து இறுக்கமாக வரும். "இது எங்க வீட்டு வழக்கம். ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் மாத்தி மாத்தி ஊட்டிக்கணும். சம்பந்தி இனிப்பை முழுங்கிட்டு யாரும் மனசுல விஷத்தை வச்சிருக்க மாட்டாங்க. அவ்வளவுதான். நான் போய் எங்காளுங்க வாயை அடைச்சிடறேன்."

நல்ல வழக்கம். நானே எழுந்து சூசைமேரியைக் கூப்பிட்டேன். அவள் கேக்கைப் பார்த்த பார்வை, சீல் வைக்க வந்த அதிகாரியை வீட்டுக்காரன் பார்க்கும் பார்வை போல இருந்தது.

"அப்புறமா சாப்பிடறனே மாமா."

"இப்பவே சாப்பிடும்மா. மதாம் காத்துகிட்டிருக்காங்க."

முதலில் சூசைமேரி ஊட்டினாள். ரெஜினாம்மாள் அதை மென்று முடித்து, "முந்திரி இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்" என்று தன் கேக்குக்கே குறை சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் மனசு போலவே பெரிய துண்டாக எடுத்துச் சூசைமேரியின் வாயில் வைத்தார்.

சூசைமேரி மென்றாள். நாங்கள் காத்திருந்தோம். மறுபடியும் மென்றாள். கேக்கு எப்போதோ மாவாகியிருக்கும். அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். கழுத்தை நீட்டினாள். கண்ணை மூடினாள். யூஜின் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தான். அவள் கை தொண்டைக்குப் போனது. கண்ணில் நீர் முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். தொட்டியடியில் துப்பும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"துப்பிட்டாங்க!" ரெஜினாம்மாள் எழுந்துவிட்டார். "என் கேக்கைத் துப்பிட்டாங்க!"

"கல்லு கில்லு இருந்திருக்கும்" என்றான் மிக்கேல்.

"கல்லா? என் கேக்குலயா? இருபது வருஷமா செய்யறேன் நானு!"

"வாயை மூடுடா" என்று தம்பியை அதட்டினேன். யூஜின் அத்தையின் குடையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். குடை இல்லாமல் அவர் வெயிலில் இறங்கமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தப் பையனை அப்போதுதான் பிடித்தது.

சூசைமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தாரான என் முன்னால் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"முழுங்க முடியலை மாமா. கேக்கு இல்ல, எதுவுமே முழுங்க முடியலை."

ரெஜினாம்மாள் மறுபடியும் உட்கார்ந்தார்.

"போன மழைக்காலத்துலேர்ந்து. முதல்ல சோறு நின்னுச்சு. அப்புறம் இட்லி. இங்க வந்து நிக்கும், இறங்காது." தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "இப்ப கஞ்சிதான். இல்லன்னா பால் காப்பியில ரொட்டியைக் கரைச்சிக் குடிக்கிறேன். கிறிஸ்துமஸ் பூசையில நன்மை வாங்கினேனே, அது போய் ஒட்டிகிச்சு. இருமல் வந்துடுச்சு. சாமியை முந்தானையில ஏந்தி, மறுபடியும் வாயில போட்டு… கீழ விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும் மாமா? அன்னியிலேர்ந்து கிராதிக்குப் போக காலு வரலை."

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னியா?"

"சொன்னேன். இது பாவமே இல்லம்மா, சின்னத் துண்டா தரேன், ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்துடுன்னாரு. கிராதியில முட்டி போட்டுகிட்டு டம்ளரைத் தூக்கினா ஊரு பாக்காதா? தொண்டையில கட்டின்னு சொல்லும். தொண்டையில கட்டி இருக்கிறவ பெத்த பொண்ணை யாரு கட்டுவாங்க?"

மிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லடி?"

"எப்ப சொல்றது? சாப்பிட்டுக் கை கழுவினதும் குறட்டை விடறீங்க."

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் அடுப்பங்கரையில் சாப்பிடுவார்கள். அதனால் அவள் தட்டை எவரும் பார்க்கவில்லை. மகளுக்குத் தெரியாதபடி, தான் முன்பே சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவந்திருக்கிறாள். இதில் அவளை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வீட்டின் பெயருக்காக ஒரு பெண் இத்தனை மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். கோர்ட்டில் நான் வாக்குமூலம் எழுதிய ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த உறுதி இல்லை.

ஆனால் ஒளிக்க வேண்டிய காரணம் இப்போது போய்விட்டது. நான் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தேன். "நோய்! பாவம் கீவம் ஒண்ணும் கிடையாது! தம்பி சம்சாரத்துக்குத் தொண்டையில நோய்!" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன். சக்கரபாணி கேட்டது இது ஒன்றைத்தான்.

திரும்பிப் பார்த்தால் ரெஜினாம்மாள் சூசைமேரியின் மோவாயைப் பிடித்து, கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி, எலும்புல முந்தானையை மாட்டி வச்சிருக்கியே. நான் வேற முந்திரியோட கொண்டாந்து திணிச்சேன் பாரு."

"கட்டியா இருந்தா, அக்கா?" சூசைமேரியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"இருந்தா வைத்தியம் பாப்போம். எந்த வீட்லதான் நோய் வரலை? ஒளிச்சாத்தான் எனக்கு ஆகாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. நானும் வரேன்."

"நாளைக்கு அர்ச்சியசிஷ்ட பிளாசியுஸ் திருநாள்" என்றேன் நான். தொண்டைக்கு அவர்தான் பாதுகாவலரான புனிதர். அன்று பூசை முடிந்ததும் சுவாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகச் சேர்த்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து மந்திரிப்பார். "முதல்ல கோவில்."

"முதல்ல டாக்டர், முசியே."

"தொண்டைக்கின்னே ஒரு அர்ச்சியசிஷ்டவர் இருக்கும்போது…"

"கோவில் ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரி பத்து மணிக்கு" என்றான் யூஜின். குடை இன்னும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. "ரெண்டும் ஒரே தெருப்பக்கம்தான்."

அப்படியே செய்தோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த முதலியார்பேட்டை ராமலிங்கம் டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். என்னோடு பிரெஞ்சிலும் சூசைமேரியோடு தமிழிலும் பேசினார். தொண்டையைப் பார்ப்பார் என்று நினைத்தால் கையை நீட்டச் சொன்னார். நகங்கள் நடுவில் குழிந்து கரண்டி போல இருந்தன. கடைவாய் வெடித்திருந்தது. கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"அம்மா, உடம்புல ரத்தமே இல்லையே. இத்தனை நாளா யாருமே பாக்கலையா?"

"என் வீட்டுக்காரரு பாத்தாரு. செவப்பா ஆயிட்டு வரேன்னு சொன்னாரு."

மிக்கேல் தரையைப் பார்த்தான்.

வெள்ளையாகச் சுண்ணாம்பு கரைத்தது போல ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் கழுவி வரும்வரை வராந்தாவில் ரெஜினாம்மாள் ஜெபமாலையை உருட்டினார். நான் நிமிர்ந்து நின்றேன். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாக மூன்று முறை எண்ணினேன்.

டாக்டர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "கட்டி இல்லை. தொண்டைக்குக் கீழ, சோறு இறங்கற குழாய் ஆரம்பிக்கிற இடத்துல குறுக்கால மெல்லிசா ஒரு சவ்வு வளந்திருக்கு. ரத்தத்துல இரும்புச் சத்து இல்லாத பொம்பளைங்களுக்கு வர்றதுதான். அதை விரிச்சி விட்டுடலாம்."

ரெஜினாம்மாள் போட்ட சிலுவை அடையாளத்தில் குடை பறந்து ஒரு கம்பவுண்டரின் மேல் விழுந்தது.

அந்த வாரத்திலேயே செய்தார்கள். வளையும் மெல்லிய குழாய் ஒன்றைத் தொண்டை வழியாக மெதுவாக உள்ளே விட்டு அந்தச் சவ்வை விலக்கிவிட்டார் டாக்டர். மிக்கேலால் தாங்க முடியாமல் சோடா குடிக்கப் போய்விட்டான். சாயங்காலம் எங்களை உள்ளே விட்டார்கள். சூசைமேரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னொரு வாய். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேரா போகுது மாமா" என்றாள்.

எனக்கு உடனே கைக்குட்டை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து வாசனை அதிகம்.

சில நாள் குழைந்த சோறு, பிறகு எதுவும் சாப்பிடலாம், இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக்கூடாது, அவ்வப்போது வந்து தொண்டையைக் காட்ட வேண்டும், கீரையும் ஈரலும் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஈரல் என்ற சொல் ரெஜினாம்மாள் காதில் விழுந்ததுதான் தாமதம். மறுநாளிலிருந்து தினமும் காலையில் யூஜின் ஆட்டு ஈரலோடு ஆற்றைத் தாண்டி சைக்கிளில் வந்தான். கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத் தினம் வருவது முறையல்ல என்றேன். "ஈரல்தான் வருது முசியே, பையன் கூட வரான்" என்று பதில் வந்தது. அவன் வரும் நேரத்தில் நான் கூடத்தில் பத்திரிகை விரித்து உட்கார்ந்தேன். பத்திரிகைக்கு அந்தப் பக்கம் லூர்துசெல்வி சிரிப்பது கேட்டது. அதைக் கேட்காதது போல இருக்க, அச்சில் வந்த பாக்கு விலை முழுவதையும் படித்தேன்.

கலியாணத்துக்கு முந்தின ஞாயிறு. நன்மை நேரம் வந்ததும் எங்கள் பெஞ்சிலிருந்து முதலில் எழுந்தவள் சூசைமேரி. ரெஜினாம்மாள் எழுந்து அவள் பக்கத்தில் போனார். கைப்பைக்குள் அவசரத்துக்கு ஒரு வெள்ளி டம்ளரில் தண்ணீர் மூடி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். சூசைமேரி முட்டி போட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினாள். சுவாமியார் முழு அப்பத்தையே வைத்தார்.

கோவில் முழுவதும் ஒரு பெண்ணின் தொண்டையைப் பார்த்தது. பாட்டுக்காரர்கள் கூட ஒரு வரியை விட்டுவிட்டார்கள். அவள் கழுத்து ஒருமுறை அசைந்தது. எழுந்து, கை கூப்பி, தலை குனிந்து திரும்பி வந்தாள். நன்மை வாங்கியவன் இடம் வலம் பார்க்கக்கூடாது. நான் அன்று மட்டும் நன்றாகத் திரும்பி, பின் பெஞ்சுகள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தேன். கன்னியம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

விபூதித் திருநாளுக்கு முந்தின வாரமே கலியாணம் நடந்தது. பந்தலில் ஆட்டுக்கறிப் பிரியாணி, கோழிக் குழம்பு, வறுத்த வஞ்சிரம், வெளியே மொரமொரப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் சுட்ட ரொட்டி. இரண்டு ஊர்ச் சனமும் வந்திருந்தது. பரிமாறினவர்கள் என் கண் முன்னால்தான் பரிமாறினார்கள். எவரும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி அரியாங்குப்பத்துக்கு அனுப்பினோம். மிக்கேல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். நான் அழவில்லை.

ஒரு விஷயம் மட்டும். கார் புறப்படும்போது பெண்ணைப் பெற்றவள் வாசலுக்கே வரவில்லை, மகளைப் பிரிய மாட்டாமல் உள்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் என்று அரியாங்குப்பத்தில் இன்னும் உருக்கமாகச் சொல்லி வருகிறார்கள். அது தவறு. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சூசைமேரி அழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.